ஈழத்துத் துள்ளிசையின் ஆபிரிக்க ஊற்று

ஒட்டுசுட்டானிலிருந்து சற்றுத் தொலைவிலே கற்சிலைமடு என்னும் ஊர் உளது. 1803ஆம் ஆண்டு ஒற்றோபர்த் திங்கள் 31ஆம் நாள் பண்டாரவன்னியன் ஆங்கிலப் படைத்தலைவன் வொன் டிறிபேக் என்பானால் அவ்விடத்துத் தோற்கடிக்கப்பட்டான் எனக் கூறும் கல்லொன்று அங்கே நாட்டப்பெற்றது. வன்னியிற் பிறந்து வன்னியிலேயே வரலாறு கற்பிக்கப் புகுந்த எனக்கு, வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அக்கல்லே நினைவுக்கு வருவது வழக்கம். மன்னர் வென்றதும் தோற்றதும் கல்லிலே பொறிக்கப்படும். கல்லும் செப்பேடும் பெறாத மாந்தர் தம் வரலாற்றை எதிலே பொறித்துச் சென்றனர் என்னும் வினா என் உள்ளத்தில் எழுவதற்கு ஒரு மாணவன் காரணமாயினான்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பிலே போர்த்துக்கேயர் வருகை பற்றிய பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். போர்த்துக்கேயர் எம்மிடையே விட்டுச்சென்றவை யாவை என வினவி, மாணவர் கூறிய விடைகளைக் கரும்பலகையில் எழுதினேன். மேசை, அலுமாரி, சாவி, விறாந்தை, அலவாங்கு, பாண், தவறணை எனச் சொற்கள் நிரம்பின. கத்தோலிக்க சமயம் என்றாள் ஒருத்தி. அப்பொழுது பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன், "பைலா, சேர்" என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது. "பகடி பண்ணாமல் இரு" என அவனை அடக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று அவ்வகுப்பிலே கூறப்பட்ட விடைகளுள் மிக ஆழமானது அதுவே என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் சென்றன.

பிழை என்னுடையதே. எனினும் அப்பிழை என்னோடு மட்டும் நிற்பதன்று. 1990களிலே யான் சிறுவனாயிருந்தபோது வன்னியிலே மின்சாரம் இல்லை. பற்றறிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெருந்தட்டுப்பாடு. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்னைக் கொண்டே வானொலிப் பெட்டியையும் ஒலிநாடாவையும் இயக்கினோம். எங்கள் அம்மான் வைத்திருந்த பழைய ஒலிநாடா ஒன்றிலே 1970களில் வெளிவந்த பொப் பாடல்கள் இருந்தன. மிதிகட்டையைச் சுழற்றும் பணி என்னுடையது. கை சோர்ந்தாற் பாட்டும் சோர்ந்து இழுபடும்; விரைந்தாற் பாடுபவர் குரல் கீச்சென்று மாறும். ஆகவே அப்பாடல்களின் தாளத்தை யான் செவியால் அறிந்ததினும் தோளால் அறிந்ததே மிகுதி எனலாம். ஆயினும், "படிக்கிற பிள்ளை கேட்கிற பாட்டே இது?" என்று அம்மா கடிந்துகொள்வார். அக்கடிதலே பிற்காலத்தில் வகுப்பறையில் என் வாயினின்றும் வெளிப்பட்டது.

அத்தாளம் யாது? இசையிலக்கணம் கல்லாதவரும் அதனைத் தம் மேசையிலே சோதித்தறியலாம். ஒன்றிலிருந்து ஆறுவரை விரைவாகவும் சமமாகவும் மீண்டும் மீண்டும் எண்ணுக. வலக்கையால் 1, 4 ஆகிய எண்களிலே தட்டுக. அதே வேளையில் இடக்கையால் 1, 3, 5 ஆகிய எண்களிலே தட்டுக. ஒரு கை ஆறினை இரண்டு மும்மையாகப் பிரிக்கின்றது. மற்றக்கை மூன்று இருமையாகப் பிரிக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நிற்பதனாலேதான் கேட்பவர் கால் தானாகவே அசைகின்றது. இவ்வாறு இருவகைக் கணக்கை ஒரே வேளையில் நிகழ்த்தும் முறை ஆபிரிக்க முழவிசையின் தலையாய இயல்புகளுள் ஒன்று. பைலா என்னும் பெயரோ ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினடியாகப் பிறந்தது. பெயர் போர்த்துக்கல்லிலிருந்தும் துடிப்பு ஆபிரிக்காவிலிருந்தும் வந்தன என்று கொண்டாற் பெரிதும் பிழையாகாது.

ஆபிரிக்கர் எம் தீவுக்கு வந்தமை போர்த்துக்கேயர்க்கும் முந்தியது. 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த இபுன் பதூதா, கொழும்பிலே கடலாதிக்கம் செலுத்திய தலைவனொருவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என எழுதிவைத்துள்ளார். எனினும் பெருந்தொகையாக அவர்கள் கொண்டுவரப்பட்டது ஐரோப்பியர் காலத்திலேயே. 1505ஆம் ஆண்டளவிற் கொழும்பை அடைந்த போர்த்துக்கேயர், மொசாம்பிக் முதலிய கரைகளிலிருந்து ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணர்ந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததும் 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் நாம் மனனம் செய்த ஆண்டுகள். அவ்வாண்டுகளிலே கோட்டை மதில்களுக்குக் கல் சுமந்தவர் யாவர் என எவரும் எம்மிடம் வினவியதில்லை. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவிலே அடைத்துவைத்த கொழும்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது. தமிழிலோ அதனைக் கொம்பனித்தெரு என்கிறோம். அடிமைகளின் பெயரை விட்டு, அவர்களை விலைக்கு வாங்கிய கொம்பனியின் பெயரையே எம் மொழி வைத்துக்கொண்டது! பின்னர் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைத் தம் இலங்கைப் படைப்பிரிவுகளிலே சேர்த்துக் கண்டிப் போர்களில் ஈடுபடுத்தினர்.

இம்மக்களைக் காப்பிரிகள் என எம்மவர் அழைத்தனர். அரபியர் தம் சமயத்தைச் சாராதாரைக் குறித்த சொல்லொன்று, ஆபிரிக்கக் கீழ்க்கரை மக்களுக்குப் பெயராகி, போர்த்துக்கேயர் நாவிற் புகுந்து, ஈழத்திலே வந்து நிலைபெற்றது. பிற நாடுகளில் இச்சொல் வசைமொழியாக இழிந்தது. இங்கே அம்மக்களே அதனைத் தம் இனப்பெயராக ஏற்றனர். அவர்தம் ஆடலும் பாடலும் கபிரிஞ்ஞா எனப்பட்டன. காப்பிரி என்பதுடன் போர்த்துக்கேயக் குறுமைவிகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது.

கபிரிஞ்ஞாவைப் போற்றிக் காத்தவருள் மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் குறிப்பிடத்தக்கவர். தமிழ் வழங்கும் ஊர்களின் நடுவே தம் கலப்புப் போர்த்துக்கேய மொழியைப் பல நூற்றாண்டுகள் வீட்டிலே பேசிவந்த இவர்கள், கலியாண வீடுகளிலே வயலின், மன்டலின், றபான் முதலியவற்றின் இசைக்குக் கபிரிஞ்ஞா ஆடினர். 19ஆம் நூற்றாண்டிலே இங்கு அரசுப் பணியாற்றிய ஹியூ நெவில் என்பார் அம்மொழிப் பாடல்களைத் திரட்டினார். காப்பிரிகளின் பாடல்களையும் கொண்ட அவ்வேட்டுத் தொகுதி இன்று இலண்டனிலே பிரித்தானிய நூலகத்தில் உளது. மட்டக்களப்பின் டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கிக் குடும்பங்கள் பலவற்றை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழித்தமை நெஞ்சை வருத்துவதாகும். எண்ணிக்கையிற் சிறிய ஒரு சமூகத்திலே முதியோர் சிலர் ஒரே காலையில் மறைந்தால், அவரோடு எத்தனை பாடல்கள் மறையும் என்பதை முல்லைத்தீவுக் கரையில் வாழும் எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

காப்பிரிகளின் வழித்தோன்றல்களோ புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியிலே இன்றும் வாழ்கின்றனர். ஆங்கிலப் படையிற் பணியாற்றிய ஆபிரிக்கரின் சந்ததியினர் இவர்கள். கத்தோலிக்கர், நாளாந்த வாழ்விற் பேசுவது சிங்களம். பிற சமூகத்தாரோடு மணவுறவு கொண்டதனால் தோற்றமும் பெரிதும் மாறிவிட்டது. எஞ்சியிருப்பது மஞ்ஞா எனப்படும் இசையே. வாத்தியம் இல்லையேல் அவர்களுக்குக் குறையில்லை. தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி, மரக்கதிரை ஆகிய வீட்டுப் பொருள்களே வாத்தியங்களாகும். மெதுவாகத் தொடங்கும் பாட்டு படிப்படியாக விரைவுபெற்று ஆட்டமாக மாறும். அப்பாடல்கள் கலப்புப் போர்த்துக்கேய மொழியில் அமைந்தவை. அம்மொழியைப் பேசுவோர் அவ்வூரில் அருகிவிட்டமையால், பாடும் இளையோர்க்குச் சொற்களின் பொருள் விளங்குவதில்லை. பொருள் போயிற்று; பாட்டுப் போகவில்லை. வடமொழி மந்திரத்தைப் பொருளறியாது பத்தியோடு ஓதிவரும் எம்மவர்க்கு இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. கலாநிதி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர் இம்மக்களின் மொழியையும் இசையையும் ஆராய்ந்து எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

இவ்விடத்திலே வாசகரைக் கடல்கடந்து பிறேசில் தேசத்துக்கு அழைத்துச்செல்ல விரும்புகின்றேன். காரணமின்றி அன்று. 1500ஆம் ஆண்டு ஏப்பிரலிலே கப்ரால் என்னும் போர்த்துக்கேய மாலுமி பிறேசிற் கரையைக் கண்டான். அவன் புறப்பட்டதோ இந்தியாவுக்கு. அவ்வாண்டு செத்தெம்பரிலேயே அவன் கள்ளிக்கோட்டையை அடைந்தான். எம்மை நோக்கி வந்த கப்பல்களே வழியிற் பிறேசிலைத் தொட்டன என்றால் மிகையன்று. ஒரே கொடியின் கீழ், ஒரே வணிகத்தின் பொருட்டு, ஆபிரிக்கர் இரு திசையிலும் கொண்டுசெல்லப்பட்டனர். அளவிலேதான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளிலே பிறேசிலிற் கரையேறிய ஆபிரிக்கர் ஏறத்தாழ 50 இலட்சத்தினர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்டது. பிறேசிலிலே 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாள்வரை அது நீடித்தது.

பிறேசிலின் பாகியா மாகாணத்துத் தலைநகர் சல்வடோர். 1549 முதல் 1763 வரை நாடு முழுவதற்கும் அதுவே தலைநகராயிருந்தது. அந்நகரின் பழம்பகுதிக்குப் பெலோரிஞ்ஞோ என்று பெயர். அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பத்தைக் குறிக்கும் சொல் அது. அந்தத் தெருவிலேதான் 1979ஆம் ஆண்டு ஒலோடும் என்னும் முழவுக் குழு தோன்றியது. ஆபிரிக்காவின் யொருபா மக்கள் முழுமுதற் கடவுளுக்கு வழங்கிய ஒலோடுமாரே என்னும் பெயரின் சுருக்கம் இது. இதற்கு முன்னரே, 1974இல், இலே அய்யே என்னும் குழு அதே நகரிலே கறுப்பின மக்களுக்கென அமைக்கப்பட்டிருந்தது. நோன்புக்கு முற்பட்ட களியாட்ட விழாவிலே வெள்ளையர் கழகங்களின் ஊர்வலங்களிற் கறுப்பினத்தார்க்கு இடமில்லாதிருந்த நிலைக்கு அது ஒரு விடையாயிற்று.

அக்காலத்திலே ஜமேக்கா தீவிலிருந்து றெகே என்னும் இசை உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. நான்கு எண்ணிக்கையுள்ள தாளத்திலே முதலாவதை வெறிதே விட்டு, மூன்றாவதிலே முழவை அழுத்தி, எண்ணிக்கைகளின் இடைவெளியிலே கிற்றாரை மீட்டுவது அதன் இயல்பு. முதலடியை விட்டுப் பிடிக்கும் இம்முறையைக் கர்நாடக இசை கற்றோர், எடுப்பு நழுவி வரும் பாட்டோடு ஒப்பிட்டு உணரலாம். 1979இலே பிறேசிலின் புகழ்பெற்ற பாடகர் ஜில்பேர்த்தோ ஜில், பொப் மார்லியின் பாடலொன்றைப் போர்த்துக்கேய மொழியிற் பாடி வெளியிட்டார். (2003 முதல் 2008 வரை அவர் அந்நாட்டின் பண்பாட்டமைச்சராகவும் விளங்கினார் என்பது இசைவாணரைத் தாழ்வாக எண்ணுவோர் கருத்திற் கொள்ளற்பாலது.) 1980களிலே ஒலோடும் குழுவின் முழவாசிரியர் நெகிஞ்ஞோ டோ சம்பா, பிறேசிலின் சம்பாத் தாளத்தையும் றெகேயின் நடையையும் பெரிய முழவுகளிலே பொருத்திச் சம்பா றெகே என்னும் புதுவகையை வளர்த்தார். அதே காலத்தில் ஒஸ் பரலாமாஸ் என்னும் றொக் குழுவினர் மின்கிற்றாரோடு றெகேயைக் கலந்தனர். றியோ நகரின் புறத்தேயுள்ள வறிய குடியிருப்புகளிலிருந்து எழுந்த சிதாதே நெக்ரா என்னும் குழு, கறுப்பு நகரம் எனப் பொருள்படும் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1996இலே மைக்கல் ஜாக்சன் ஒலோடும் குழுவினருடன் பெலோரிஞ்ஞோவில் நின்று ஆடிய காட்சியை உலகமே கண்டது. சவுக்கடிக் கம்பம் நின்ற இடத்திலே, அடிபட்டோரின் வழிவந்தோர் தம் முழவுகளை முழக்கினர்!

ஈழத்தில் நடந்தது வேறு. இங்கே பாட்டு வளர்ந்தது, பாட்டுக்குரியோர் மறைந்தனர். 1914இற் பிறந்த வாலி பஸ்தியன்ஸ் என்னும் பொலீஸ் உத்தியோகத்தர், 1940களிலே கபிரிஞ்ஞாத் தாளத்திற்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடினார். அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ முதலியோரால் பைலா சிங்கள மக்களின் பொதுச்சொத்தாயிற்று. துடுப்பாட்ட அரங்கிலே பப்பரே வாத்தியக்காரர் முழக்குவதும், பாடசாலைச் சுற்றுலாப் பேருந்தின் பின்னிருக்கையிலே ஒலிப்பதும் பெரும்பாலும் அதுவே. 1960களின் பிற்பகுதியிலே உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழினுட்ப நிறுவனத்திற் பயின்ற காலத்திற் கிற்றாரை ஏந்தித் தமிழிற் பாடத் தொடங்கினார். "சின்ன மாமியே", "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே" ஆகிய பாடல்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அந்தத் துள்ளும் தாளத்திலே ஏற்றின. கள்ளருந்தாதே என அறிவுறுத்தும் பாட்டைக் கள்ளருந்தியோரே உரத்துப் பாடக் கேட்டவர் எம்மூரிலும் உளர். ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி" சிங்களமும் தமிழும் விரவிப் பாக்குநீரிணையைக் கடந்து தமிழ்நாட்டிலும் முழங்கிற்று. சிலோன் மனோகர் எனத் தமிழ்நாடு அறிந்த அவர் 2018ஆம் ஆண்டு சனவரியிற் சென்னையில் மறைந்தபோது, ஐம்பது வயது கடந்த தமிழர் எத்தனையோ பேர் தம் இளமையை நினைந்து வருந்தினர். அந்நாளில் எழுதப்பட்ட இரங்கலுரைகள் சிலவற்றை யானும் படித்தேன். சிரம்பியடி என்னும் சொல் அவற்றுள் ஒன்றிலேனும் இல்லை.

பிறேசிலோடு ஒப்பிடுதல் நீதியோ என ஒருவர் வினவலாம். ஐம்பது இலட்சம் பேரின் வழியினர் குரலெழுப்புதலும், ஒரு சிற்றூர் மக்கள் குரலெழுப்புதலும் ஒன்றாகா. அது மெய்யே. ஆனால் எண்ணிக்கையை மட்டுமே காரணமாக்கிவிட்டு நாம் ஒதுங்கிவிடல் ஆகாது. முழவைத் தொட்டவரைத் தொடாதே என்ற சமூகம் எம்முடையது. எம் வீட்டுச் சாவுக்கும் கோயிற் கொண்டாட்டத்துக்கும் பறை வேண்டும். பறையடிப்பவர் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். ஒல்லாந்தர் 1707இலே தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அது ஆபிரிக்கரைப் பற்றியதன்று; எம்மவர் எம்மவரையே உடைமையாக வைத்திருந்ததைப் பற்றியது. ஆகவே காப்பிரிகளின் பாட்டை இழிவென எண்ணுமாறு எமக்குப் போர்த்துக்கேயர் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முழவையும் உடலசைவையும் இழிவோடு இணைக்கும் வழக்கம் எம்மிடம் முன்னரே இருந்தது. பைலா என்ற சொல்லைக் கேட்டு என் வகுப்பு நகைத்ததற்கும், யான் சினந்ததற்கும் வேர் அங்கேதான் இருக்கின்றது என்பது என் துணிபு.

அந்நியத் தாளம் தமிழிசையைக் கெடுக்கும் என்பாரும் உளர். அவர்க்கு இரண்டு கூறுவேன். மும்மையாய்ச் செல்லும் நடை எமக்கு அந்நியமன்று. திச்ரம் என நாமே அதற்குப் பெயரிட்டுள்ளோம். வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்பவர் எவரும் வன்னி மண்ணின் முழவொலியைக் கேட்டு அசையாது திரும்பியதில்லை. மற்றொன்று, வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பியரிடம் கற்று எம் இசைக்கு ஆக்கிய அக்கருவி இன்றிக் கச்சேரி நடப்பதில்லை. ஐரோப்பியன் கையிலிருந்து வந்த கருவியைத் தலைமேற் கொண்டோம். அவனுடைய அடிமையின் கையிலிருந்து வந்த தாளத்தைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். இவ்விரு வரவேற்பினுக்கும் இசையிலக்கணத்திலே காரணம் தேடினாற் கிடைக்காது.

இவ்வாண்டு அதே பாடம் மீண்டும் வந்தது. பகடி பண்ணாமல் இரு என்று யான் அடக்கிய மாணவன் பாடசாலையை விட்டு நீங்கி நெடுநாளாயிற்று. பாண், அலுமாரி, தவறணை எனச் சொற்கள் கரும்பலகையில் நிரம்பியபின், எவரும் கூறாதிருக்கவே யானே பைலா என எழுதினேன். நகைப்பு எழுந்து அடங்கிற்று. பின்னர் ஒரு கையால் இரண்டும் மறு கையால் மூன்றும் தட்டுமாறு கூறினேன். முதலில் ஒரே குழப்பம். சிறிது நேரத்திலே மேசைகள் ஒத்து ஒலித்தன. அடுத்த வகுப்பு ஆசிரியை வாயிலில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சென்றார். இத்தாளத்தைக் கொணர்ந்தவர் வழியினர் எங்கே வாழ்கின்றனர் என ஒரு மாணவி வினவினாள். சிரம்பியடி என்றேன். சுவரிலிருந்த இலங்கைப் படத்திலே தேடினோம். புத்தளம் இருந்தது, சிரம்பியடி இல்லை. அம்மாணவி கதிரையில் ஏறி, புத்தளத்துக்கு அருகே பென்சிலால் ஒரு புள்ளியிட்டுப் பெயரையும் எழுதினாள்.